காலி வரிகளுக்குக் கீழே

வரி முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. எண்டர் தட்டினால் கர்சர் கீழே இறங்கும், மனிதர்களுக்கு அது போதும், ஆனால் உள்ளே அந்த இடத்தில் ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, பேக்ஸ்லாஷ் என் என்று நாங்கள் அதை எழுதுவோம், சில மெஷின்களில் அதற்கு முன்னால் பேக்ஸ்லாஷ் ஆர் என்று துணைக்கு இன்னொன்றும் வரும், இரண்டையும் தேடிப் பிடித்துத் தூக்கிவிட்டு அங்கே ஒரு ஸ்பேஸ் வைக்க வேண்டும். ஸ்பேஸ் வைக்காமல் விட்டால் மேல்வரியின் கடைசி வார்த்தையும் கீழ்வரியின் முதல் வார்த்தையும் ஒட்டிக்கொள்ளும், மைசூர்பாகுஅரைகிலோ என்று. ஐம்பத்து நான்கு வயதில் இதுதான் என் பிழைப்பு, ஊரில் யாரோ தட்டுகிற எண்டரை எல்லாம் பொறுக்கி எடுப்பது. போன் கீபோர்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறது. அதைப் பார்க்காதே பஞ்சநாதா, ஸ்கிரீனைப் பார். பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன். நோட்டிபிகேஷன் அப்படியே இருக்கிறது, தாரிணி என்று பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில், அப்பா, சென்னை வந்திருக்கோம், சாயங்காலம் சென்ட்ரல்ல வண்டி, ஹூப்ளி கெளம்பறோம். அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் கழித்து என் ஒரே மகள் எனக்கு அனுப்பிய மெசேஜ் அவ்வளவுதான். வண்டி எங்கே என்று சொல்லத் தெரிந்தது, எந்த ஊர் போகிறது என்று சொல்லத் தெரிந்தது, வா என்று ஒரு வார்த்தை எழுதத் தெரியவில்லை. ரயில்வே அறிவிப்பில்கூட பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பிப்பார்கள்.

காலையிலிருந்து அதைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த இரண்டு டிக்கும் நீலமாகிவிடும், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், அப்பா படித்துவிட்டார், படித்தும் பதில் சொல்லவில்லை என்று அவள் புருஷன் மஞ்சுநாத்திடம் கன்னடத்தில் சொல்வாள், அவன் தலையை ஆட்டுவான், நல்ல பையன், எதற்கும் தலையை ஆட்டுவான். திறக்காமலே படிப்பது எப்படி என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், மேலிருந்து விரலால் இழுத்தால் நோட்டிபிகேஷன் எட்டிப் பார்க்கும், படித்துக்கொள்ளலாம், நாம் படித்தது அந்தப் பக்கம் தெரியாது. தெரியாமல் படிப்பதில் ஒரு சங்கடம், தப்பித்தவறி விரல் பக்கவாட்டில் போனால் அது போயே போய்விடும், அப்புறம் உள்ளே போய்த்தான் படிக்க வேண்டும். அதனால் காலையிலிருந்து அந்தப் போனைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறேன், மெட்ரோவில் வந்தபோது சட்டைப்பையில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தேன், பக்கத்தில் நின்றவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒருதரம் இரண்டு விரலால் அதை விரித்துப் பார்த்தேன், கெளம்பறோம் என்பதற்குக் கீழே வெறும் வெள்ளையாக இருந்தது, கொஞ்சம் பெரிய வெள்ளை, பழைய போன், அதற்கும் வயசாகிறது. சுகந்தி காலையில் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "நான் அவங்க தங்கியிருக்கிற லாட்ஜுக்குப் போயிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க வரீங்களான்னு நான் கேக்கல." கேட்கவில்லையாம். இந்த வீட்டில் யாருக்கும் என்னைக் கேட்கிற பழக்கம் கிடையாது. டிபன் பாக்ஸை மட்டும் வழக்கம்போல மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள், எலுமிச்சம்பழ சாதம், மத்தியானம் மூடியைத் திறந்தேன், வாசனை வந்தது, மறுபடி மூடிவிட்டேன்.

கேட்கவில்லை, அதுதானே எல்லாம். பையன் கன்னடக்காரன் என்பதெல்லாம் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது, எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, இப்போதும் இல்லை, சத்தியமாக. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நின்றுகொண்டு அவள் சொன்னாள், "அப்பா, நான் மஞ்சுநாத்தைக் கல்யாணம் பண்ணிக்கறதா முடிவு பண்ணிட்டேன்." முடிவு பண்ணிட்டேன். பண்ணிக்கட்டுமா என்று இல்லை, என்னப்பா சொல்றே என்று இல்லை, வேலையை விடுகிறேன், ஹூப்ளி போகிறேன், தேதி இது, மண்டபம் இது. எனக்குத் தகவல் சொன்னாள். பால்காரனுக்கு நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் சரி என்று சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்புறம் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த ஒரு நிமிஷத்தை எனக்குக் கொடுக்கவில்லை அவள். கல்யாணத்துக்குப் போனேன், போகாமல் என்ன, தாரை வார்த்துக் கொடுத்தேன், அவள் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது, தண்ணீரா பயமா தெரியவில்லை. அப்புறம் எல்லாரும் பந்திக்குப் போனார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பெற்ற மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் வந்த அப்பன் சென்னையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சேமியா பாயசம் போட்டார்களாம், எனக்குப் பிடிக்கும் என்று அவள்தான் சொல்லிப் போடச் சொன்னாளாம், பந்தியில் என் இலையை எடுக்கவிடாமல் பரிமாறுகிறவரோடு சண்டை போட்டாளாம், அப்பா வருவாரு, போன் பேசப் போயிருக்காரு என்று. இதையெல்லாம் சுகந்தி மூன்று மாசம் கழித்துத்தான் சொன்னாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தக் காலி இலையை நான் பார்த்ததே இல்லை, ஆனால் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்து, நடுவில் ஒன்றுமில்லாமல்.

வேலையைப் பார். எங்கள் கம்பெனி பலகாரக் கடைகளுக்கு புரோகிராம் செய்து கொடுக்கிறது, சனங்கள் போனில் ஆர்டர் அனுப்புவார்கள், அதை நாங்கள் வாங்கி ஒரே வரியாக மாற்றி, கடையின் சமையற்கட்டில் சின்னச் சீட்டாக அச்சடித்துத் துப்ப வேண்டும். ஒரே வரியாக ஏன் என்றால், சனங்கள் வார்த்தைக்கு ஒரு எண்டர் தட்டுகிறார்கள், அதிரசம் எண்டர், ஐம்பது எண்டர், நல்லா இருக்கணும் எண்டர், முதலில் புரோகிராம் அதை மூன்று ஆர்டராக எடுத்துக்கொண்டு மூன்று சீட்டு துப்பியது, நல்லா இருக்கணும் என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாஸ்டர் முழித்தாராம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் லோயர் படித்தபோது வரி முடிந்தால் மணி அடிக்கும், இடது கையால் அந்த நெம்புகோலைத் தள்ள வேண்டும், தள்ளினால் இரண்டு காரியம் நடக்கும், பேப்பர் ஒரு வரி மேலே ஏறும், பேப்பரைத் தாங்குகிற வண்டி ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிப் போகும். அந்த இரண்டு காரியத்துக்குத்தான் இந்த இரண்டு எழுத்து. வண்டி திரும்பி வரும் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், வரி எப்படிப் போயிருந்தாலும் சரி, தப்பும் தவறுமாகப் போயிருந்தாலும் சரி, தள்ளினால் திரும்பிவிடலாம், புது வரி. அந்த இன்ஸ்டிடியூட் மாதிரி இப்போது ஒரு இடம் இருந்தால் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருப்பேன், ஸ்டேஷனைப் பற்றி நினைக்காமல். ஸ்கிரீன் மூலையில் மணி ஓடுகிறது. ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறினால் அரைமணி, முக்கால்மணி, நேராக சென்ட்ரல், இறங்கி மாறக்கூடத் தேவையில்லை. யார் கேட்டார்கள் உன்னை அந்தக் கணக்கு.

"சார், பிஸியா?" ஷர்மிளா வந்து நிற்கிறாள், கடைக்காரர்களின் புகாரெல்லாம் முதலில் இவளிடம்தான் வரும், திட்டு வாங்கி வாங்கி முகமே கொஞ்சம் சிவந்த மாதிரி ஆகிவிட்டது. பிஸி இல்லை என்று சொல்வதற்குள் லேப்டாப்பை என் மேஜையில் வைத்துவிட்டாள், அதன் ஓரம் போனை இடித்தது, நான் பதறிப்போய்ப் போனை எடுத்துக்கொண்டேன், நல்லவேளை, இருக்கிறது. "தாம்பரம் கடைக்காரர் காலைலேர்ந்து கத்திட்டிருக்காரு சார். வளைகாப்புக்கு அதிரசம் ஆர்டர். சாயங்காலம்னு நெனச்சு அவர் மெதுவா செஞ்சிருக்காரு, அவங்க காலைலயே பத்து மணிக்கு வந்து நின்னுட்டாங்க. வளைகாப்பே ஒரு மணி நேரம் லேட்டாம்." நான் சீட்டைப் பார்த்தேன், வளைகாப்பு, அதிரசம் நூறு, புதன்கிழமை, அவ்வளவுதான் இருந்தது. நேரம் எழுதலியேம்மா அவங்க, நாம என்ன பண்றது என்றேன். "எழுதியிருக்காங்க சார். நீங்கதான் எடுத்துட்டீங்க." கொஞ்சம் சூடாகத்தான் சொன்னாள். மூல மெசேஜைத் திறந்து காட்டினாள். புதன்கிழமை என்பதற்குக் கீழே வெள்ளை, அவள் விரலால் தள்ளத் தள்ள வெள்ளை, யாரோ ஒரு அம்மாள் எண்டரைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறாள், கடைசியில், அடியில், காலையில் பத்து மணிக்குள் கண்டிப்பாக வேண்டும், மருமகள் பசி தாங்க மாட்டாள். இந்த வெட்டு என் வேலை. இரண்டு காலி வரி சேர்ந்தாற்போல் வந்தால் மெசேஜ் அதோடு முடிந்தது, மிச்சத்தைத் தூக்கு, அப்படி நான்தான் எழுதி வைத்தேன், ஏனென்றால் அதற்குக் கீழே வருவதெல்லாம் ரோஜாப்பூ படத்தோடு வாழ்த்து, விளம்பரம், இந்த மெசேஜைப் பத்து பேருக்கு அனுப்புங்கள் என்கிற பைத்தியக்காரத்தனம். காலி வரிக்குக் கீழே உருப்படியாக யாரும் எதையும் எழுத மாட்டார்கள் என்று மீட்டிங்கில் சட்டமாகச் சொன்னேன், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யாரும்மா இவ்வளவு எண்டர் தட்டறது, என்றேன், எரிச்சலோடு. ஷர்மிளா லேப்டாப்பை மூடினாள். "தட்டறாங்க சார். அதுக்காக எழுதினதை எடுத்துடறதா? அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணிக் கொடுங்க, நான் அந்த ஆளுக்கு போன் பண்ணணும்."

அஞ்சு மணிக்குள். சரி பண்ணுவது பெரிய காரியமில்லை, அந்த ஒரு நிபந்தனையைத் தூக்கிவிட்டால் போதும், எத்தனை காலி வரி வந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்பேஸாக மாற்று, நின்றுவிடாதே, கடைசி வரைக்கும் போ. தூக்கினேன். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது, பெட்டியில் ஒரு மெசேஜ் நானே அடிக்கிறேன், அதிரசம் நூறு, எண்டர், எண்டர், எண்டர், கர்சர் கீழே கீழே போகிறது, எண்டர், எண்டர், ஸ்கிரீன் தானாக மேலே நகர ஆரம்பித்துவிட்டது, அதிரசம் மறைந்துவிட்டது, வெறும் வெள்ளை, அதில் ஒரு கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது, எண்டர். இந்த விரல் இல்லை இது. இதைவிடச் சின்ன விரல், நகத்தில் மருதாணி பாதி அழிந்த விரல், என் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஹாலில் வைத்திருந்த அந்த வெள்ளைப் பெட்டிக் கம்ப்யூட்டரில், நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு. எண்டர் சாவிதான் அவளுக்குப் பிடித்த சாவி, பெரிசாக இருக்கும், எவ்வளவு தட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. அப்பா கண்ணை மூடிக்கோ என்பாள். டக் டக் டக் என்று தட்டுவாள், தட்டிக்கொண்டே இருப்பாள், அப்புறம் சத்தம் மெதுவாகும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எதையோ அடிப்பாள், அப்புறம் கர்சரை மறுபடி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, இப்ப தொற, கண்டுபிடி என்பாள். மேலே என்ன இருக்கும், அப்பா என்று இருக்கும், அவ்வளவுதான். கீழே வெள்ளை. எங்கடி என்றால் கீழ போப்பா, இன்னும் கீழ போ, இன்னும் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். அடியில் கிடக்கும் அவளுக்கு வேண்டியது. சைக்கிள், எழுத்துக்கூட்டத் தெரியாமல் இங்கிலீஷில். இன்னொரு நாள் கலர் பென்சில். இன்னொரு நாள், அவள் அம்மாவும் நானும் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தபோது, அடியில் பீச் என்று இருந்தது, மூன்று பேரும் போனோம், சுகந்தி சுண்டல் வாங்கினாள், சண்டை எதற்கு என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. வாயால் எதையும் கேட்க மாட்டாள் என் பெண். கடையில் ஒரு பொம்மைக்கு முன்னால் கால்மணி நேரம் நிற்பாள், வேணுமா என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள். வேண்டியதை மட்டும் கேட்க வராது அவளுக்கு, பிறவியிலேயே.

தட்டுக்கு எதிரே நின்று முடிவு பண்ணிட்டேன் என்றாளே, சொல்லிவிட்டு அங்கேயே நின்றாளே, உடனே போகவில்லையே, ரசம் ஆறிக்கொண்டிருந்தது, அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவள் சொன்னதற்குக் கீழே ஏதாவது இருந்திருக்குமோ. கெளம்பறோம் என்பதற்குக் கீழே வெள்ளை இருந்தது. போனுக்கு வயசாகவில்லை. பஞ்சநாதா, முட்டாளே, நீ காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது மெசேஜின் தலையை மட்டும், இரண்டு காலி வரி வந்ததும் முடிந்தது என்று வெட்டிவிட்டாய், உன் புரோகிராம் மாதிரியே நீயும். ஆனால் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். விரல் தவறிக் காலி வரி விழுந்திருக்கலாம், ரயில் கூட்டத்தில் யாராவது இடித்திருக்கலாம். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயசு, அந்த விளையாட்டெல்லாம் ஞாபகம் இருக்குமா, பெற்றவனையே மறந்திருக்கலாம். திறந்து பார்த்து அடியில் ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வேன், டிக்கும் நீலமாகிவிடும், எனக்கும் தெரிந்துவிடும், திறக்காதவரைக்கும் அடியில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், சுகந்தி வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்ளலாம், நாளைக்கும் அந்த நோட்டிபிகேஷன் இருக்கும், நாளன்றைக்கும் இருக்கும். அந்த அம்மாள் எழுதியதும் அடியில் இருந்ததே, பத்து மணிக்குள் என்று, யாரும் பார்க்காததால் இல்லை என்று ஆகிவிட்டதா, வந்து நின்றார்களே, கடை வாசலில், பசி தாங்காத மருமகளை வீட்டில் விட்டுவிட்டு. எனக்கு என் பெண்ணைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், இந்த ஒன்றரை வருஷமும் வேறு எதுவுமே எனக்கு வேண்டியிருக்கவில்லை, அதை நான் யாரிடமாவது வாய் விட்டுச் சொன்னேனா, அவள் யார் பெண்.

தொட்டேன். திறந்தது. அப்பா, சென்னை வந்திருக்கோம், சாயங்காலம் சென்ட்ரல்ல வண்டி, ஹூப்ளி கெளம்பறோம், அப்புறம் வெள்ளை, அதன் அடியில் மேலும் படிக்க என்று நீலத்தில் சின்னதாக. கட்டைவிரலால் அழுத்தினேன், தள்ளினேன், வெள்ளை, இன்னும் தள்ளினேன், வெள்ளை, கீழ போப்பா, எவ்வளவு நேரம் தட்டியிருப்பாள், லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, மஞ்சுநாத் என்ன பண்றே என்று கேட்டிருப்பான், இன்னும் கீழ போ, கண் மறைக்கிறது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன், எதிர் சீட்டுப் பையன் பார்த்தால் பார்க்கட்டும், இன்னும், இன்னும் கொஞ்சம், அடியில் வந்து நின்றது.

கண்டுபிடிச்சிட்டியா? உனக்கும் சேர்த்து சாப்பாடு வாங்கி வெச்சிருக்கேன்ப்பா. பிளாட்பாரத்துலயாவது என்கூட ஒரு வாய் கை நனைச்சிட்டுப் போ.

எழுந்தபோது நாற்காலி பின்னால் உருண்டு போய் எதிலோ இடித்தது. ஷர்மிளா அவள் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "சார், முடிஞ்சுதா?" முடிஞ்சுதும்மா, இப்ப கடைசி வரைக்கும் படிக்கும், டெஸ்ட் பண்ணிட்டேன், நீ போன் பண்ணிச் சொல்லிடு என்றேன். எலுமிச்சம்பழ சாதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டேன், அதையும் அங்கேயே பிரித்துக்கொள்ளலாம், மஞ்சுநாத்துக்குப் பிடிக்குமோ என்னவோ, தலையை ஆட்டுவான். லிப்ட் வரவில்லை. படியில் இறங்கினேன். இறங்கும்போதே போனைப் பார்த்தேன், மேலே தாரிணி என்ற பெயருக்கு அடியில் ஆன்லைன் என்று காட்டியது, ஆனால் எதையும் அடிக்கவில்லை அவள், சும்மா இருந்தாள், நான் படித்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாளே அப்படி. படியிலேயே நின்றேன். ஒரு எண்டர்கூடத் தட்டாமல், முதல் வரியிலேயே, வந்துட்டிருக்கேன், பசிக்குது, நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம இரு என்று அடித்து அனுப்பினேன்.